அதிமதுரத் தேநீரும் ஏறும் இரத்த அழுத்தமும்

கேள்வி: எனக்கு 58 வயது. இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபினும், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டாக இயற்கை வழிக்கு மாறிவருகிறேன். காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் கேப்சூல், பச்சைப் பசலைக்கீரையை அரைத்து வடிகட்டிய சாறு. தொண்டை எப்போதும் கரகரப்பாக இருப்பதால் தினமும் மூன்று நான்கு கோப்பை அதிமதுரத் தேநீர். மலச்சிக்கலுக்கு இரவில் நிலாவரைப் பொடி. இவ்வளவு செய்தும் சில மாதங்களாக இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சோர்வாக இருக்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஆங்கில மாத்திரைகள்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைக்கிறேன். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாமா? என் கணவர் இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரை கூடாது என்று யாரோ சொன்னதால் கீரையை அறவே விட்டுவிட்டார். மஞ்சள் கேப்சூலும் பூண்டு கேப்சூலும் மட்டும் ஒரு மாதமாக அவருக்குக் கொடுத்துவருகிறேன். கால் பிடிப்புக்கு என்ன மூலிகை நல்லது?

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கால் பிடிப்புக்கு எந்த மூலிகையும் வேண்டாம். அதிமதுரத் தேநீரை இன்றே நிறுத்துங்கள். நிலாவரைப் பொடியையும் நிறுத்துங்கள். நாளையோ மறுநாளோ உங்கள் மருத்துவரைப் பார்த்து, இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றின் அளவுகளைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சு படபடத்தாலோ, துடிப்பு விட்டுவிட்டு வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, கை கால்களைத் தூக்க முடியாத அளவுக்குப் பலவீனம் ஏற்பட்டாலோ, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

கணவரின் விஷயமும் அவசரமானதுதான். அவருடைய மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைத்து, ஒரு மாதமாக இரண்டு கேப்சூல்கள் கொடுத்துவருவதைச் சொல்லுங்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு ஈறில் இரத்தம், காரணமில்லாத நீலத் திட்டுகள், கறுத்த மலம், கடுமையான தலைவலி என்று எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இனி காரணங்களுக்கு வருகிறேன். நான் ஒரு மருந்தாளுநர். தாவர மருந்துகளை மதிக்கிறேன், அவற்றின் ஆற்றலை நம்புகிறேன். அந்த நம்பிக்கையால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கவலைப்பட்டேன். ஒரு தாவரத்துக்கு நோயைக் குறைக்கும் வலிமை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், தவறான இடத்தில் தீங்கு செய்யும் வலிமையும் அதற்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். அது உடலில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உள்ள தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில் வந்து முடிச்சிட்டு நிற்கின்றன. உப்பைப் பிடித்துவைத்துக்கொள், பொட்டாசியத்தை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன். கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் இரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆல்டோஸ்டீரோனின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் அதுவும் போய் உட்காரக்கூடியது. அப்படி உட்கார்ந்துவிடாமல் தடுக்க, சிறுநீரகச் செல்களில் ஒரு நொதி வாயிற்காவலனைப் போல நின்று, வருகிற கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரம் இந்த நொதியைத்தான் முடக்குகிறது. காவல் இல்லாத நிலையில் கார்டிசால் உள்ளே நுழைந்து, ஆல்டோஸ்டீரோன் இடும் அதே கட்டளையை இடுகிறது. உடல் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடுகிறது.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வழக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003ல் அறிவுறுத்தியது. அந்த 100 மில்லிகிராமையே இரண்டு வாரம் தொடர்ந்து உட்கொண்ட ஆரோக்கியமான இளம் வயதினருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்ததாக 2024ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேரின் தரத்தையும் கொதிக்கவைக்கும் நேரத்தையும் பொறுத்தது. நாளுக்கு மூன்று நான்கு கோப்பை, அதுவும் ஓராண்டாக என்றால், அந்த வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் அதிமதுரத்தை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளவே கூடாது.

நீங்கள் எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடிய மருந்துதான். மருத்துவருக்கு அது தெரியும். அதைக் கணக்கில் வைத்துத்தான் அளவைத் தீர்மானித்திருப்பார். ஆனால் அதிமதுரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. நிலாவரையைப் பற்றியும் தெரியாது. நிலாவரை குடலைத் தூண்டி மலத்தை வெளியேற்றுவது. அது தண்ணீராகப் போகும் அளவுக்குக் கொண்டுசென்றால், அந்த வழியாகவும் பொட்டாசியம் போகும். ஆக, மூன்று கதவுகள் வழியாக ஒரே பொருள் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் தசைகள் சோர்ந்துபோகும், பிடித்துக்கொள்ளும். இதயமும் தசைதான் என்பதால்தான் படபடப்பைப் பற்றி முதலிலேயே எச்சரித்தேன்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குடலின் சுவரும் தசையால் ஆனது. பொட்டாசியம் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வரும். மலச்சிக்கலுக்காக நிலாவரையைக் கூட்டினால் பொட்டாசியம் மேலும் குறையும். எந்த மருந்தைத் தீர்வென்று எடுக்கிறோமோ அதுவே தொல்லையை வளர்க்கிறது. நிலாவரை ஒன்றும் மோசமான மருந்தன்று. மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. ஆனால் சில நாள் நெருக்கடிக்கு உரியது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது.

பரிசோதனையில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் இயல்பு. அதற்குக் கீழே இருந்தால், வாழைப்பழம் சாப்பிட்டே சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் பொட்டாசியம்தான் இருக்கிறது. உண்மையான குறைபாட்டை ஈடுகட்ட அது போதாது. மாறாக, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பொட்டாசியத்தை அளவில்லாமல் ஏற்றுவது ஆபத்து. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். எவ்வளவு, எந்த வடிவில் என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

அதிமதுரத்தை நிறுத்தியதும் மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. அந்த நொதி மீண்டும் முழுமையாக வேலை செய்ய ஓரிரு வாரமாவது ஆகும். அதுவரை வீட்டில் காலை மாலை இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவாருங்கள். அழுத்தம் இறங்கத் தொடங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது அவர் மாத்திரையைக் குறைக்கக்கூடும். நீங்கள் விரும்பியது நடக்க வாய்ப்பிருக்கிறது, அம்மா. ஆனால் அது இந்த வரிசையில், இந்தக் கண்காணிப்போடு நடக்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்த மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து தேநீர் இழுத்துக்கொண்டிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து மஞ்சள். சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கேப்சூல் வேறு. புட்டியை எடுத்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். "95 சதவீத குர்குமினாய்டுகள், 500 மில்லிகிராம்" என்ற வரி இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மிளகுச் சாறு அல்லது பைப்பரின் என்று இருக்கலாம். குர்குமின்தான் மஞ்சளில் வேலை செய்யும் பொருள். சாதாரண மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம். உங்கள் ஒரே கேப்சூலில் 475 மில்லிகிராம். ஐந்து தேக்கரண்டி மஞ்சளை ஒரு விழுங்கில் உட்கொள்வதற்குச் சமம். அதோடு முடியவில்லை. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். பைப்பரின் அந்தத் தடையைத் தளர்த்துகிறது. 1998ல் வெளியான ஒரு சிறிய மனித ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தபோது குர்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு உயர்ந்தது. உற்பத்தியாளர்கள் இதைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். அதே பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பதை அச்சிடுவதில்லை.

2019ல் இத்தாலியில் மஞ்சள் கேப்சூல்களை எடுத்தவர்களிடையே கல்லீரல் அழற்சி ஒரே காலகட்டத்தில் பலருக்குத் தெரியவந்தது. 2023ல் ஆஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதன்று. நீங்கள் ஏற்கெனவே சோர்வாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே கேப்சூலை நிறுத்திவிட்டு, அதே இரத்த மாதிரியில் கல்லீரல் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, உடல் அரிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் கணவர். அவர் சாப்பிடும் வார்ஃபரினே ஒரு செடியிலிருந்து தொடங்கிய மருந்துதான். 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்துகொண்டிருந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் குழு, அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948ல் எலிகளைக் கொல்லும் நஞ்சாகச் சந்தைக்கு வந்து, 1950களில் மனிதருக்கான மருந்தானது. அளவு சற்றுக் கூடினால் இரத்தப்போக்கு, சற்றுக் குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி. இவ்வளவு குறுகிய வரம்புக்குள் நடக்கும் மருந்தோடு மஞ்சள் கேப்சூலையும் பூண்டு கேப்சூலையும் சேர்ப்பது, எதிர்பாராத திசையில் ஐ.என்.ஆர். போவதற்கு வழிவிடுவது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சள் அடங்கிய தயாரிப்பைத் தொடங்கிய பிறகு அவருடைய ஐ.என்.ஆர். 10க்கு மேல் போனதாக நியூசிலாந்து மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018ல் எச்சரித்தது. செறிவூட்டிய பூண்டும் இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைப்பது. சமையலில் சேரும் மஞ்சளும் பூண்டும் வழக்கமான அளவில் தொடரட்டும். கேப்சூல்கள் வேண்டாம்.

கீரை விஷயத்தில் அவருக்குப் பாதி உண்மைதான் சொல்லப்பட்டிருக்கிறது. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே அதிகம். அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் அதற்கு மருந்து கீரையை ஒழிப்பதன்று, ஒரே சீராகச் சாப்பிடுவது. வைட்டமின் கே மிகக் குறைவாக உண்பவர்களுக்கு, ஒரு நாள் விருந்தில் சாப்பிட்ட கொஞ்சம் கீரைகூட ஐ.என்.ஆரை ஆட்டிவைக்கும். வாரத்தில் இத்தனை முறை, இவ்வளவு அளவு என்று முடிவுசெய்து, மருத்துவரிடம் சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள். அவர் அதற்கேற்ப மாத்திரையின் அளவைச் சரிசெய்வார். நீங்கள் தினமும் குடிக்கும் பசலைச் சாறு மட்டும் அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாறு உங்களுக்கும் தேவையில்லை என்பேன். வடிகட்டியபோதே நார்ச்சத்தை எறிந்துவிட்டீர்கள். மலச்சிக்கல் உள்ள ஒருவர் எறியக்கூடாத பொருள் அது. மிஞ்சிய சாற்றில் பசலையில் நிறைந்திருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் செறிவாக இருக்கிறது. பச்சையாக அதிக அளவில், நாள்தோறும், மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கீரையைத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி போய்விடும். கீரையைக் கீரையாகவே, வேகவைத்து, மென்று சாப்பிடுங்கள்.

சரி, இவ்வளவையும் வேண்டாம் என்றால் எதைத்தான் செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் இயற்கை நாட்டம் சரியான நாட்டம்தான். அதைக் கேப்சூலிலிருந்து தட்டுக்குத் திருப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இரத்த அழுத்தத்துக்கும் மலச்சிக்கலுக்கும் தாவர உணவு செய்யும் நன்மைக்கு நல்ல சான்று இருக்கிறது. அது மெதுவாக வரும். எந்தப் புட்டியிலும் அடைத்து விற்க முடியாததால் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

வளர்ந்தவர்கள் நாளுக்கு 400 கிராம் காய்கனிகளும் 25 கிராம் நார்ச்சத்தும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 25 கிராம் என்பது கேட்பதற்குச் சிறியது, எட்டுவதற்குக் கடினம். காய்கனிகளால் மட்டும் எட்டுவது அரிது. பருப்பு, பயறு வகைகள்தான் கைகொடுக்கும். வேகவைத்த மசூர் பருப்பு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. ஆனால் ஒரே நாளில் தாவாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பிக்கொண்டு இந்த முயற்சியையே வெறுத்துவிடுவீர்கள். போதிய தண்ணீரும் வேண்டும். ராஜ்மா போன்ற சிவப்புப் பீன்ஸ் சமைத்தால், இரவு ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென வேகவிடுங்கள். அரைகுறையாக வெந்த சில விதைகளே கடும் வாந்தியை உண்டாக்கிவிடும்.

நிலாவரையின் இடத்தில் உலர்ந்த பிளம்ஸ் பழங்களை வையுங்கள். நாளுக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து உண்டவர்களுக்கு, இசப்கோலைவிடவும் நல்ல பலன் கிடைத்ததாக 2011ல் ஒரு ஒப்பீட்டு ஆய்வு வெளியானது. அதன் பொட்டாசியம் கணிசமானது என்பதால், சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்த பிறகு தொடங்குங்கள். இசப்கோலும் நல்லதுதான். முழுக் குவளைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், குறைந்த நீரில் எடுத்தால் உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொழுப்பும் சேர்த்துக் குறைய வேண்டுமானால் ஓட்ஸ் இருக்கிறது. அதில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து, நாளுக்கு 3 கிராம் கிடைத்தால், கெட்ட கொழுப்பைக் குறைக்கும். உலர்ந்த ஓட்ஸ் சுமார் 75 கிராமில் அது கிடைக்கும். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே கொண்டுவருவது இந்தப் பட்டியலில் எதைவிடவும் இரத்த அழுத்தத்துக்கு நேரடியாக உதவும்.

வீட்டு மருந்துகள் எல்லாவற்றையும் நான் தள்ளவில்லை. குமட்டலுக்கு இஞ்சி உண்மையில் வேலை செய்கிறது. இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் நல்லது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. இவை சில நாள் தொல்லைக்குச் சில நாள் எடுக்கும் மருந்துகள். மாதக்கணக்கில் எடுக்கும் எதையும், அது வேராக இருந்தாலும் பொடியாக இருந்தாலும், மருத்துவரின் சீட்டில் இடம்பெற வேண்டிய மருந்தாகவே கணக்கிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல முயல வேண்டாம். இருவருடைய மாத்திரைகள், கேப்சூல் புட்டிகள், தேநீர்ப் பொட்டலம், நிலாவரைப் பொடி என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். திட்டுவாரோ என்ற தயக்கத்தில் இவற்றை மறைப்பவர்கள் பலர். மறைத்தால், ஏறும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து அவர் இன்னொரு மாத்திரையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அங்கே போகும்போது தொண்டையைப் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு இதுதான் மனத்தை உறுத்துகிறது. ஓராண்டாகத் தேநீரால் தணித்துவரும் கரகரப்பு எதனால் வருகிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. வயிற்று அமிலம் மேலேறி வருவதாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், குரல்நாணில் ஏதேனும் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை உள்ளே பார்த்தே தீர வேண்டும். அதேபோல், மலம் கழிக்கும் வழக்கம் அண்மையில் மாறியிருந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, அதற்கும் தனியாகப் பரிசோதனை தேவை. பொட்டாசியம் எண் கைக்கு வந்ததும் எழுதுங்கள். கணவரின் ஐ.என்.ஆரையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.